ஒரு மிளகாய் மட்டும்: பாடாங் செராயில் ஒரு தாய்லாந்து உணவகம்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பாடாங் செராயில், பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே, பழைய கடைவீட்டு வரிசையின் கடைசிக் கதவில், சில மாதங்களுக்கு முன் ஒரு தாய்லாந்து உணவகம் திறக்கப்பட்டது. இதுவரை நான்கு முறை அங்கே சாப்பிட்டிருக்கிறேன். மூன்று முறை மனநிறைவோடும் ஒரு முறை கண்ணீரோடும் எழுந்து வந்தேன். அந்தக் கண்ணீரைச் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகும், காரம் தாங்காதவர்கள் தயங்காமல் போகலாம் என்று சொல்லக்கூடிய கடை இது. வயிற்றுப்புண் உள்ளவர்கள், சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள், வயதான தாய் தந்தையருக்குப் பொட்டலம் வாங்க நினைப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். உறைப்பை விரும்பிச் சாப்பிடுவோருக்கு இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல ஊரில் ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள்.

என் நாக்குக்குக் காரம் சிறு வயதிலிருந்தே ஒத்துக்கொண்டதில்லை. தோட்டத்து வீட்டில் அம்மா மீன் குழம்பு வைத்தால், எனக்குரிய துண்டை மட்டும் சுடுநீரில் ஒரு முறை அலசிவிட்டுத்தான் தட்டில் வைப்பார். மற்றப் பிள்ளைகள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடும்போது நான் தயிரைத் தேடுவேன். நம் வீடுகளில் இதை ஒரு குறையாகத்தான் பார்க்கிறார்கள். விருந்துக்குப் போன இடத்தில் "இதுகூட உறைக்குதா?" என்ற கேள்வியைக் கேட்காத ஆண்டு என் வாழ்வில் இல்லை. அதனாலேயே, கெடா மாநிலத்தில் தோம்யாம் என்னும் புளிப்பும் உறைப்புமான தாய்லாந்து சூப்பை விற்கும் கடைகள் ஊருக்கு இரண்டு மூன்று இருந்தும், பல ஆண்டுகளாக அங்கெல்லாம் உறவினர்களோடு உட்கார்ந்து முட்டைப் பொரியலும் வெள்ளைச் சோறும் மட்டும் சாப்பிட்டு வந்தேன்.

ஒரு முறை மட்டும் துணிந்தேன். வேறோர் ஊரில், சிவப்புத் தோம்யாமுக்குப் பதிலாக வெள்ளைத் தோம்யாம் கேட்டால் உறைக்காது என்று நானாகவே முடிவு செய்து, அதை வாங்கி இரண்டு கரண்டி குடித்தேன். அன்றிரவு முழுவதும் நெஞ்செரிச்சலில் தூக்கமில்லை. சிவப்பு நிறம் பெரும்பாலும் வறுத்து அரைத்த மிளகாய் விழுதிலிருந்து வருவது. வெள்ளைத் தோம்யாமில் அந்த விழுது இருக்காதே தவிர, சிலி பாடி என்னும் சின்ன மிளகாய் நசுக்கியபடி தாராளமாக இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நிறத்தைப் பார்த்து உறைப்பை அளக்கக்கூடாது என்று அன்று கற்றுக்கொண்டதுதான் இந்தப் புதிய கடையில் என்னைக் கேள்வி கேட்க வைத்தது.

முதல் நாள் அக்காளும் அவருடைய மகனும் உடன் வந்திருந்தார்கள். மேசைக்கு வந்த பெண் பக்கத்துத் தாமானைச் (குடியிருப்பைச்) சேர்ந்த தமிழ்ப் பெண். எனக்கு உறைப்பு ஆகாது என்று சொன்னதும், அவர் முகத்தில் சலிப்போ வியப்போ தெரியவில்லை. "ஆண்ட்டி, சுத்தமா வேணாமா, கொஞ்சம் இருந்தா பரவாயில்லையா?" என்று கேட்டார். ஒரு மிளகாய்க்கு மேல் தாங்காது என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் தாய்லாந்து உணவைப் பற்றி எவரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை: "அப்படின்னா கறி வகைய விட்டுடுங்க ஆண்ட்டி. அந்த மசாலா எல்லாம் முன்னமே இடிச்சு வச்சது, அதுலேருந்து மிளகாய எடுக்க முடியாது. சூப்பு, பப்பாளி சாலட், பிரட்டல் எல்லாம் நீங்க சொன்ன பிறகுதான் செய்வாங்க. அதுல எத்தனை மிளகாய் வேணும்னு மட்டும் சொல்லுங்க."

காரம் தாங்காதவர் தாய்லாந்து உணவகத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஏறக்குறைய முழுவதும் இந்தப் பதிலில் அடங்கிவிட்டது. பச்சைக் கறியின் விழுதில் பச்சை மிளகாய், பூண்டு, பேரரத்தை, செராய் என்னும் எலுமிச்சைப்புல், பெலாச்சான் என்னும் இறால் விழுது எல்லாம் ஒன்றாக இடிபட்டு ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சமையல்காரர் எவ்வளவு நல்ல மனத்தோடு முயன்றாலும் தேங்காய்ப்பாலைக் கூட்டி ஊற்றலாமே தவிர, உள்ளே போன மிளகாயைத் திரும்ப வாங்க முடியாது. பச்சை நிறம் கண்ணுக்குக் குளுமையாக இருப்பதால் பலர் அதைச் சாதுவான கறி என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் சிவப்புக் கறியைவிட அதுதான் கடுமையாக உறைக்கும். என் அக்காள் மகன் அன்று அதைத்தான் வாங்கினான். வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டுவிட்டு, "சித்தி, நீங்க இத மோந்து பாத்தா மட்டும் போதும்" என்றான்.

நான் வாங்கியது தோம் கா காய். கோழியும் சிப்பிக் காளானும் போட்ட தேங்காய்ப்பால் சூப்பு இது. பெயரிலுள்ள 'கா' என்பது நம் பேரரத்தையைக் குறிக்கும் தாய்லாந்துச் சொல். கிண்ணம் மேசைக்கு வந்தபோது முதலில் எட்டியது மணம்தான். தேங்காய்ப்பாலின் மேலே எண்ணெய் பிரியாமல் வெண்மையாக இருந்தது. அதனுள்ளே விரலளவு வெட்டி நசுக்கிய செராய்த் தண்டுகள், வட்டவட்டமான அரத்தைச் சீவல்கள், நடுநரம்பு நீக்கிக் கிழித்துப் போட்ட, எலுமிச்சை வகையான லிமாவ் பூருட்டின் இலைகள். இவற்றை மென்று தின்னக்கூடாது. பிரியாணியில் பட்டையை ஒதுக்குவதுபோல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட வேண்டும். முதல் கரண்டியில் தேங்காய்ப்பாலின் இனிப்பு, அடுத்த நொடியில் எலுமிச்சையின் புளிப்பு, கடைசியாக மீன் சாறின் உப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எரிச்சல் வரும் என்று நாக்கு காத்திருந்தது, வரவில்லை. அரத்தைக்கே உரிய ஒரு கதகதப்பு மட்டும் தொண்டையில் தங்கியது. மூன்றாவது கரண்டிக்குப் பிறகு பயத்தை விட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கினேன். தாய்லாந்து சமையலில் உறைப்பு ஒரு சுவை மட்டுமே, புளிப்பும் இனிப்பும் உப்பும் மணமும் அதற்குச் சமமாக நிற்கின்றன என்பதை இத்தனை வயதில் அன்றுதான் என் நாக்கு அறிந்தது. உறைப்பு முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருந்ததால் மற்றவற்றை நான் இதுவரை சந்திக்கவே இல்லை.

இரண்டாவது முறை சென்றபோது சமையல் செய்யும் அம்மையாரே ஒரு யோசனை சொன்னார். அவர் தென் தாய்லாந்தின் ஹாட் யாய் பக்கத்திலிருந்து வந்தவர், மலாய் நன்றாகப் பேசுகிறார். சிலி பாடி ஒன்றைக் காம்போடு, உடைக்காமல், நசுக்காமல் சூப்பில் மிதக்கவிட்டுத் தருவதாகவும், மணம் இறங்கும், உறைப்பு அதிகம் இறங்காது என்றும் சொன்னார். மோர்க்குழம்பில் பச்சை மிளகாயை முழுதாகப் போடும் நம் பழக்கமும் இதுவேதான். மிளகாயின் உறைப்பு அதன் விதையில் இருப்பதாக நாம் பொதுவாக நம்புகிறோம். உண்மையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் உள்ளிருக்கும் வெண்ணிறச் சதையில்தான் கேப்சைசின் என்ற அந்தப் பொருள் மிகுதியாக இருக்கிறது. தோல் முழுதாக இருக்கும்வரை அதில் பெரும்பகுதி உள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. அந்த அம்மையார் சொன்னதும் செய்ததும் சரியாக இருந்தன. மிளகாயின் பச்சை மணம் சூப்பில் இருந்தது, எரிச்சல் இல்லை.

பப்பாளி சாலட்டுக்கு ஒரு தனிப் பத்தி கொடுக்க வேண்டும். தாய்லாந்தில் சோம் தாம் என்றும் இங்கே மலாய்க்காரர்கள் சொம்தாம் என்றும் சொல்லும் இதை, ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியாக உரலில் இடித்துத்தான் செய்ய வேண்டும்; மொத்தமாகச் செய்து வைக்க முடியாது. கடையின் முன்பக்கம் கண்ணாடிக்குப் பின்னே ஆழமான மண் உரலும் மரத்தாலான உலக்கையும் இருக்கின்றன. நின்று பார்த்தேன். முதலில் இரண்டு பல் பூண்டு, ஒரே ஒரு மிளகாய். அந்த ஒரு மிளகாயை அந்த அம்மையார் விரல்களில் பிடித்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் உரலில் போட்டார். பிறகு பனைவெல்லம், காய்ந்த இறால், வறுத்த கடலை, ஒடித்த பயற்றங்காய், நான்காக வெட்டிய தக்காளி, எலுமிச்சைச் சாறு, மீன் சாறு. கடைசியாக நீளநீளமாகச் சீவிய பச்சைப் பப்பாளி. இடிப்பது என்று சொன்னாலும் காயை அவர் நசுக்கவில்லை. வலக்கை உலக்கையை மெதுவாக இறக்க, இடக்கையிலுள்ள கரண்டி அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருந்தது. உரலின் ஓசை நம் வீட்டு இடி உரலின் ஓசையைப்போல் கனமாக இல்லை, தொக் தொக் என்று ஈரமாகக் கேட்டது. ஒரு மிளகாயில் செய்த அந்த சாலட் என் நாக்கில் லேசாகச் சுருக்கென்றது. அடுத்த வாய்க்குள் பனைவெல்லம் அதை ஆற்றிவிட்டது. பக்கத்து மேசைக்கு ஏழு மிளகாய் போனதையும் பார்த்தேன். ஒரே உரல், ஒரே கை, ஒரே சமையல் முறை; எண் மட்டும்தான் வேறு.

எண்ணைச் சொல்லிக் கேட்பது என்ற இந்தப் பழக்கத்தை எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன். நாம் வழக்கமாகச் சொல்லும் 'கூராங் பெடாஸ்', அதாவது உறைப்பைக் குறையுங்கள் என்பது, எதிலிருந்து குறைப்பது என்பதைச் சமையல்காரரின் நாக்குக்கு விட்டுவிடுகிறது. பத்து மிளகாய் போடுபவர் ஐந்தாகக் குறைத்து நேர்மையாகத் தன் கடமையைச் செய்திருப்பார். நமக்கோ ஒன்றுக்கு மேல் ஆகாது. தாய்லாந்து மொழியில் 'மை பெட்' என்றால் உறைப்பு வேண்டாம் என்று பொருள். அதைவிட 'மை சாய் ப்ரிக்', மிளகாய் போடாதீர்கள் என்பது தெளிவானது. இங்கே மலாயிலும் தமிழிலும் சொன்னாலே போதும்.

அந்த 'ப்ரிக்' என்ற சொல்லைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாய்லாந்து மொழியில் மிளகாய்க்கு ப்ரிக் என்று பெயர். நம் கருமிளகுக்கோ 'ப்ரிக் தாய்', அதாவது தாய்லாந்து ப்ரிக் என்று பெயர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. வந்த புதுச்சரக்கு ஏற்கெனவே இருந்த உறைப்பின் பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டது. நாமும் மிளகின் பெயரோடு காயைச் சேர்த்துத்தான் மிளகாய் என்றோம். மிளகாய் இல்லாத தாய்லாந்து உணவு உண்மையான உணவே அல்ல என்று யாராவது சொன்னால், நான் இந்தச் சொல் வரலாற்றைத்தான் பதிலாகச் சொல்வேன். என் அக்காளிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

மற்ற உணவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பண்டான் இலையில் மடித்துப் பொரித்த கோழியில் மிளகாய் அறவே இல்லை. பூண்டும் மிளகும் மல்லி வேரும் மட்டும்தான், பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. பாட் தாய் மீயும் அவ்வாறே. புளியும் வெல்லமும் சேர்ந்த மென்மையான மீ, மிளகாய்த்தூளைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுகிறார்கள். மேசை மேலிருக்கும் நான்கு சிறு கிண்ணங்களில் சர்க்கரை, மிளகாய் ஊறிய மீன் சாறு, மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய்த்தூள் ஆகியவை இருக்கும். உண்பவர் தம் தட்டில் தாமே சுவையைத் திருத்திக்கொள்வது தாய்லாந்து நாட்டு வழக்கம் என்பதால், நாம் குறைவாகக் கேட்பதில் எந்த அவமரியாதையும் இல்லை. கறி வகையில் ஒன்றையாவது சுவைக்க விரும்புவோர் மசாமன் கறியைக் கேட்கலாம். அதிலும் காய்ந்த மிளகாய் உண்டு. ஆனால் ஏலம், பட்டை, கிராம்பு, சீரகம், உருளைக்கிழங்கு, கடலை, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து அதை மிதமாக்கிவிடுகின்றன. நம் வீட்டுக் குருமாவுக்குத் தூரத்து உறவு போல் இருந்தது. எனக்கு நான்கு கரண்டி வரை முடிந்தது.

ஒருவேளை வாய் எரிந்துவிட்டால் ஐஸ் தண்ணீரைத் தேடாதீர்கள். கேப்சைசின் நீரில் கரைவதில்லை, கொழுப்பில்தான் கரையும்; தண்ணீர் அதை வாய் முழுவதும் பரப்பிவிடும். பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் அதைப் பற்றிக்கொண்டு இறங்கும் என்பதால், பால் சேர்த்த தாய்லாந்துத் தேநீர் ஒன்றை முதலிலேயே வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எரிவது வெறும் மனப்பிரமையும் அல்ல. ஏறத்தாழ 43 பாகை வெப்பத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் கேப்சைசினும் தட்டி எழுப்புகிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உறைப்புத் தாங்காத பிள்ளையை அதட்டிச் சாப்பிட வைக்கும் பெற்றோர், அந்தப் பிள்ளையின் வாய் உண்மையிலேயே சூடுபட்டதாக உணர்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

இனி அந்தக் கண்ணீர் நாளைப் பற்றி. அது பொது விடுமுறைக்கு முந்திய மாலை. கடை நிரம்பி வழிந்தது, உரலருகே வேறோர் இளைஞர் இருந்தார். வழக்கம்போல் ஒரு மிளகாய் என்று சொல்லியிருந்தேன், ஒரு மிளகாய்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் முதல் வாயிலேயே காதுவரை எரிந்தது. முந்தைய மேசைக்கு இடித்த உரலைக் கழுவாமலே என்னுடையதை அதில் இடித்துவிட்டார்கள் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. அந்த மேசையின் மிளகாய்ச் சாறு முழுவதும் என் பப்பாளியில் ஊறியிருந்தது. தட்டை உடனே எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, கழுவிய உரலில் புதிதாகச் செய்து கொடுத்தார்கள், அதற்குப் பணமும் வாங்கவில்லை. இருந்தாலும் வயிற்றுப்புண் உள்ளவருக்கு அந்த முதல் வாயே போதும் துன்பம் கொடுக்க. உரலையும் வாணலியையும் கழுவிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள் என்பதை இப்போது ஆர்டரோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்கள் மிளகாய் போடாத உணவுக்கென்று தனி உரல் ஒன்று வைத்துக்கொள்வதே சரியான வழி. இதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு குறை உணவுப் பட்டியலில் இருக்கிறது. சில உணவுகளுக்குப் பக்கத்தில் மிளகாய்ப் படம் போட்டிருக்கிறார்கள். ஆனால் தோம்யாமுக்கும் பச்சைக் கறிக்கும் ஒரே ஒரு படம்தான், மசாமன் கறிக்கும் அதே ஒரு படம்தான். அதை நம்பி வாங்குபவர் ஏமாந்துபோவார். வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காய்கறித் தோம்யாம் என்று எழுதியிருந்தாலும் அதில் மீன் சாறு உண்டு, கறி விழுதுகளில் பெலாச்சான் உண்டு. கேட்டால் உப்பு மட்டும் போட்டுத் தனியாகச் செய்து தருகிறார்கள், ஆனால் கேட்க வேண்டும்.

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோம் கா பெரிய கிண்ணம் 14 ரிங்கிட், இருவருக்குப் போதும். பப்பாளி சாலட் 8, பாட் தாய் 9, பண்டான் கோழி ஆறு துண்டு 12. மாம்பழத்தோடு புலுட் என்னும் ஒட்டும் அரிசிச் சோறு 7 ரிங்கிட். எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும் என்பதால் உட்கார்ந்தவுடனே சொல்லி வைத்துவிடுங்கள். காரம் தாங்காதவர்கள் வார நாளில் ஏழு மணிக்கு முன் போவது நல்லது. அப்போது அந்த அம்மையாரே உரலருகே இருப்பார், நம் கோரிக்கையை நின்று கேட்கவும் நேரம் இருக்கும்.

தோம் யாம் குங் 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த செய்தியைப் படித்தபோது, நம்மால் அதைச் சுவைக்க முடியாதே என்று வருந்தியது உண்டு. இப்போது இந்தக் கடையில், மிளகாய் விழுது இல்லாமல், உடைக்காத ஒரு மிளகாயோடு அதையும் ஒரு முறை சாப்பிட்டுவிட்டேன். இறாலின் தலையிலிருந்து இறங்கிய சாறும் செராயும் சேர்ந்த அந்தச் சுவை இன்னும் நினைவில் இருக்கிறது. நம் ஊரின் பெயரிலேயே இருக்கும் செராயை, வேலியோரத்தில் வளரும் புல்லாகவும் கொசு விரட்டியாகவும் மட்டுமே அதுவரை நினைத்து வந்தேன்.

சென்ற முறை தோம் கா ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. என் மீன் துண்டை அலசித் தந்தவருக்கே இப்போது உறைப்பு ஆகாது. சூப்பைச் சூடாக்கி, செராயையும் இலைகளையும் எடுத்துவிட்டுக் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு நிறுத்தி, கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். "இதுல அரத்த போட்டிருக்காங்களா? ஒனக்குச் சளி புடிச்சா நான் இடிச்சுக் குடுப்பேனே, அந்த வாசன" என்றார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு கிண்ணங்களாக வாங்கச் சொல்லியிருக்கிறார்.